நாய்க்குட்டி வாந்தியில புழு: வீட்டுல மூணு வயசுப் பையன், பிரசவத்துக்கு வரப்போற தங்கச்சி. என்ன செய்யணும்?

சிறுமலை அடிவாரம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். தெருநாய் போட்ட குட்டி ஒண்ணை என் மூத்த பொண்ணு துண்டுல சுத்தி வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டா. செவலைக் குட்டி, முத்துன்னு பேரு வச்சாச்சு. ஒன்றரை மாசம் இருக்கும். வந்த நாள்லருந்தே விலா எலும்பு தெரியும், வயிறு மட்டும் உப்பியிருக்கும். பால் குடிச்சுக் குடிச்சு வயிறு பெருத்திருச்சுன்னு அம்மா சொன்னாங்க, விட்டுட்டோம்.

நேத்து காலையில பால்சோத்தோட வாந்தி எடுத்துச்சு. அதுல வெள்ளையா, விரல் நீளத்துக்கு மேல, நாலஞ்சு புழு. ஒண்ணு நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சின்னவனுக்கு மூணு வயசு. நாங்க பார்த்தப்ப பக்கத்துல உக்காந்து குச்சியால அதைக் கிளறிக்கிட்டு இருந்தான்.

மருந்துக்கடையில சொன்னேன். ஆல்பெண்டசோல் அட்டை ஒண்ணைக் குடுத்து, "வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணு, குட்டிக்குப் பாதி"ன்னுட்டார். இன்னும் யாருக்கும் போடல. அம்மா வேப்பங்கொழுந்து அரைச்சு உருண்டை பிடிச்சு வச்சிருக்காங்க, பிள்ளைக்கும் குட்டிக்கும் சேர்த்து.

இன்னொரு சிக்கல். தங்கச்சிக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிச்சு இங்கதான் கூட்டிட்டு வரப்போறோம். வீட்டுல ஒரு பூனையும் இருக்கு. பூனை இருக்குற வீட்டுல கர்ப்பிணி இருக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை வீட்ல சொல்றாங்க.

மாடி கட்ட எம்-சாண்ட் கொட்டி, காசு இல்லாம வேலை நின்னு கிடக்கு. சின்னவன் நாள் பூரா அந்த மணல்லதான் கிடப்பான், அப்பப்ப வாயிலயும் போட்டுக்குவான். பூனை வெளிக்குப் போறதும் அங்கதான்.

அங்கன்வாடில போன தடவை குடற்புழு மாத்திரை குடுத்தாங்க, அவன் சாப்பிட்டான். அது போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொடைரோடு கோபி

நண்பரே, யோசிக்கவே வேணாம். பூனையைச் சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துருங்க. குட்டியை எடுத்த இடத்துலயே வச்சிருங்க. வீட்டுல எல்லாரும் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்குங்க. எங்க வீட்டுல ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடுவோம், ஒண்ணும் ஆனதில்ல.

மாட்டாஸ்பத்திரி அக்கா

கோபி தம்பி சொன்ன மூணுல எதையும் இப்பச் செய்யாதீங்க. நான் அரசு கால்நடை மருந்தகத்துல டாக்டரா இருக்கேன். பேரு மாட்டாஸ்பத்திரின்னாலும் வர்றதுல பாதி நாயும் கோழியும்தான். இந்தக் கேள்வி வாராவாரம் வரும். அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

மொதல்ல அந்த அட்டை. ஆல்பெண்டசோல் மனுசங்களுக்கு நல்ல மருந்து. நாய்க்கும் பூனைக்கும் எலும்பு மஜ்ஜையைப் பாதிச்சு ரத்த அணுக்களைக் குறைச்சுரும்னு நாங்க அதைத் தொடறதில்ல, அதுலயும் இப்படி எலும்பும் தோலுமா இருக்குற குட்டிக்கு வேணவே வேணாம். "எல்லாருக்கும் ஒண்ணு"ன்னாரே, அந்த எல்லார்ல உங்க தங்கச்சியும் வந்துருவாங்க. கர்ப்பிணிக்கு எந்த மாத்திரையும் அவங்களைப் பாக்குற டாக்டர் சொல்லித்தான். வேப்பங்கொழுந்தைப் பத்தி அம்மாகிட்ட நான் சண்டை போட மாட்டேன், ஆனா இந்தப் புழு அதுக்கு அசராது.

முத்து வாந்தி எடுத்தது உருண்டைப்புழு, டாக்சோகாரா கேனிஸ். தெருவுல எதையோ தின்னு வந்ததுன்னு நினைச்சிருப்பீங்க. பெரும்பாலும் பிறக்கும்போதே கூட வந்ததுதான். தாய் நாயோட சதையில இந்தப் புழுவோட குஞ்சுகள் வருசக்கணக்கா அடங்கிக் கிடக்கும். நாய் சினையானதும் அதுங்க கிளம்பி நஞ்சுக்கொடி வழியா குட்டிக்குள்ள போயிரும். மிச்சம் மீதி தாய்ப்பால்ல வரும். அதனால மூணு வாரத்துக் குட்டியே முட்டையைக் கழிக்க ஆரம்பிச்சிரும், ஒரு பெண் புழு நாளைக்கு ஒரு லட்சம் முட்டை வரை போடும். நல்லா வளர்ந்த நாயைவிட கொஞ்சுறதுக்குத் தோதா இருக்குற குட்டிதான் ஆபத்துன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற எல்லாரும் "என்ன மருந்து?"ன்னு கேப்பாங்க. நான் திருப்பிக் கேக்குறது, "கழிவை எப்ப அள்ளினீங்க?" ஏன்னா டாக்சோகாரா முட்டை கழிச்ச அன்னைக்கு யாரையும் ஒண்ணும் செய்யாது. மண்ணுல கிடந்து உள்ளுக்குள்ள குஞ்சு உருவாக ரெண்டுலருந்து நாலு வாரம் ஆகும். அதுக்கப்புறம்தான் அது தொத்தும். ஆகவே உங்க பையன் நேத்து குச்சியால கிளறினதை நினைச்சுப் பயப்பட வேணாம். வாந்தில வந்த புழு பார்க்கத்தான் அருவருப்பு. நான் பயப்படுறது அந்த எம்-சாண்ட் குவியலுக்கு. பூனைக்கும் தனியா ஒரு டாக்சோகாரா உண்டு, டாக்சோகாரா கேட்டி. மாசக்கணக்கா பூனை போய் மூடி வச்ச இடத்துல பையன் கை விட்டு வாயில வைக்கிறான். முட்டை பக்குவமாகுறதுக்கு வேண்டிய நாளும் நிழலும் ஈரமும் அங்க இருக்கு. இன்னைக்கே தார்ப்பாய் போட்டு நாலு மூலையிலயும் செங்கல் வைங்க. பூனைக்கு ஒரு பழைய பேசின்ல மணல் போட்டு வேற இடத்துல வைங்க, பழகிக்கும்.

பினாயில் ஊத்திட்டேன்னு சொல்லாதீங்க. பினாயில், பிளீச்சிங் பவுடர் ரெண்டும் நாத்தத்தைத்தான் போக்கும். முட்டை ஓட்டுக்கு மேல பசை மாதிரி ஒரு பூச்சு இருக்கு, எதுவும் உள்ள இறங்காது, மண்ணுல வருசக்கணக்கா உயிரோட இருக்கும். சிமெண்ட் தரைன்னா கழிவை அள்ளிட்டு கொதிக்கிற தண்ணி ஊத்துங்க. மண் தரைன்னா அள்ளுறது ஒண்ணுதான் வழி, தினமும்.

முத்துவுக்கு: பக்கத்து கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. எடை போட்டு பைரான்டெல் மாதிரி மருந்து குடுப்பாங்க. ஒரு தடவை குடுத்துட்டு முடிஞ்சதுன்னு இருந்துராதீங்க. மருந்து குடல்ல இருக்குற புழுவைத்தான் விரட்டும். அதே நேரம் ஈரல்லயும் நுரையீரல்லயும் நடந்து வந்துக்கிட்டு இருக்குற குஞ்சுகள் அப்புறமா குடலுக்கு வந்து சேரும். அதனாலதான் ரெண்டு வாரம் வயசுலருந்தே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, எட்டு வாரம் வரைக்கும் குடுக்கணும்னு சொல்றோம். பிறகு ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒண்ணு, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒண்ணு. பூனைக்குட்டிக்கு மூணாவது வாரத்துல ஆரம்பிச்சாப் போதும், அதுக்குப் பால் வழியாத்தான் வரும், கருவுல வராது. மருந்து குடுத்த ரெண்டு மூணு நாளைக்கு மலத்துல புழு வரும். பார்த்துட்டு மருந்து வேலை செய்யலன்னு மறுபடியும் ஓடி வராதீங்க, வேலை செய்யுறதாலதான் வருது.

முத்துவோட ஈறைத் தூக்கிப் பாருங்க. வெளிறிப் போயிருந்தாலோ, மலம் தார் நிறத்துல இருந்தாலோ கொக்கிப்புழுவும் இருக்கலாம். அது ரத்தம் குடிக்கிற ஜாதி. அப்படின்னா நாளைக்குன்னு தள்ளாதீங்க.

தங்கச்சி விசயத்துக்கு வர்றேன். பூனைன்னதும் பயப்படுறது டாக்சோபிளாஸ்மாவுக்கு. அது புழு கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒத்தை செல் ஒட்டுண்ணி. பூனைக்கு முதல் தடவை தொத்தும்போது ஒரு வாரத்துலருந்து மூணு வாரம் வரை மலத்துல கழிக்கும். பெரும்பாலும் வாழ்நாள்ல அந்த ஒரு தடவைதான், அதுவும் எலி பிடிக்கக் கத்துக்குற வயசுல. கழிச்சதும் தொத்தாது, ஒரு நாளுலருந்து அஞ்சு நாள் ஆகணும். ஆகவே தினமும் தவறாம அள்ளிட்டா அது முத்துறதுக்கே நேரம் கிடைக்காது. அள்ளுறது நீங்களா இருங்க, தங்கச்சி வேணாம். தங்கச்சி பூனையை மடியில வச்சிருந்தா தப்பில்ல. அரைவேக்காட்டுக் கறியும் கழுவாத கீரையும் தோட்ட மண்ணும்தான் நான் அதிகம் கவலைப்படுற வழி. கறியை நல்லா வேகவச்சுக் குடுங்க. ஏற்கெனவே அவங்களுக்கு எப்பவோ தொத்தி எதிர்ப்பு சக்தி இருந்தா குழந்தைக்குப் போற வாய்ப்பு ரொம்பக் கம்மி. கர்ப்ப காலத்துல புதுசாத் தொத்துனாத்தான் சிக்கல். சந்தேகம்னா அவங்க டாக்டரே ரத்தப் பரிசோதனை எழுதுவாங்க. இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்ல பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, பூனையைச் சாக்குல கட்ட வேணாம். சாக்குல போன பூனை நாலாம் நாள் வீட்டு வாசல்ல நிக்கும், அது வேற விசயம்.

ஸ்லைடும் கவர்ஸ்லிப்பும்

அக்கா விட்டுட்டுப் போனது ஒண்ணை நான் சொல்றேன். ஒரு தனியார் லேபுல டெக்னீசியனா இருக்கேன். "நாய்க்குப் புழு இருக்கு, பிள்ளைக்கு மலம் டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க"ன்னு டப்பாவோட வர்றவங்க நிறைய. டாக்சோகாராவுக்கு அந்த டெஸ்ட் வீண். மனுசன் உடம்பு அந்தப் புழுவுக்கு வீடு கிடையாது. முட்டை வயித்துக்குள்ள போய்ப் பொரிஞ்சு குஞ்சு வெளிய வரும், குடல் சுவத்தைத் துளைச்சு ரத்தத்துல ஏறி ஈரல், நுரையீரல், சில பேருக்குக் கண் வரைக்கும் போகும். ஆனா வளர்ந்து பெரிய புழுவாகி முட்டை போடாது. முட்டை இல்லாத மலத்துல நான் லென்ஸ் வழியா என்னத்தைத் தேடுறது?

டாக்டர் சந்தேகப்பட்டா எழுதுறது ரத்தம். சாதாரண ரத்த எண்ணிக்கையில இயோசினோஃபில்ங்குற ஒரு வகை வெள்ளை அணு ஏறியிருக்கான்னு பார்ப்பாங்க, அப்புறம் டாக்சோகாராவுக்குன்னே உள்ள எலைசாங்குற எதிர்ப்பொருள் டெஸ்ட். இயோசினோஃபில் மட்டும் ஏறியிருந்தா நாய் மேல பழி போட முடியாது. மூச்சு இழுப்பு, யானைக்கால், மனுசனுக்கே உரிய குடற்புழு எல்லாத்துலயும் அது ஏறும்.

அங்கன்வாடி மாத்திரையைக் கேட்டிருந்தீங்க. பிப்ரவரியிலயும் ஆகஸ்டிலயும் குடற்புழு நீக்க நாள்னு குடுக்குறது ஆல்பெண்டசோல் 400 மி.கி. ஒரு வேளைதான். (ரெண்டு வயசுக்குக் கீழ பாதி.) பிள்ளைங்க குடல்ல இருக்குற மனுசப் புழுக்களுக்காகத் திட்டம் போட்டது, அதுக்கு அருமையா வேலை செய்யும், விடாமக் குடுங்க. ஈரலுக்குள்ள சுத்துற டாக்சோகாரா குஞ்சுக்கு அந்த ஒரு வேளை எட்டாது. அதுக்கு டாக்டர் நாள்கணக்குல குடுப்பாங்க, அதுவும் நோய் இருக்குன்னு தெரிஞ்சா மட்டும். தொத்துனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே தெரியாம அடங்கிரும்.

கண்ணை மட்டும் சாதாரணமா எடுக்காதீங்க. 1950ல அமெரிக்காவுல ஹெலனார் வைல்டர்னு ஒரு அம்மா, கண் நோய்க்குறியியல்ல இருந்தவங்க, குழந்தைகளுக்கு விழித்திரைப் புற்றுன்னும் வேற கண் நோய்னும் நினைச்சு அகற்றின கண்களை மெல்லிசாச் சீவி வரிசையா நுண்ணோக்கில பார்த்தாங்க. 46 கண்ல 24ல புழுக் குஞ்சோ அதோட மிச்சமோ இருந்துச்சு. 1952ல பால் பீவரும் கூட்டாளிகளும் சில குழந்தைங்க ஈரல்ல இருந்தது டாக்சோகாரான்னு கண்டுபிடிச்சு எழுதுனாங்க. அப்பறம்தான் வைல்டர் பார்த்த கண்கள்ல பலதுலயும் இருந்தது அதே குஞ்சுன்னு தெளிவாச்சு. நான் டிப்ளமோ படிச்சப்ப இதைக் கேட்டு ஒரு வாரம் நாய்க்குட்டி பக்கமே போகல. பையனுக்கு மாறுகண் புதுசா வந்தாலோ, ஒத்தைக் கண்ணை மூடினா தடுமாறினாலோ, போட்டோவுல ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சாலோ கண் டாக்டரைப் பாருங்க. காரணம் புழுவா இல்ல வேறயாங்கறதை அவங்க பார்த்துக்குவாங்க.

நாய் மலம்னா எங்க வேலை சுலபம். பட்டாணி அளவு எடுத்து, இனி கரையாதுங்கற அளவுக்கு உப்புக் கரைச்ச தண்ணில கலக்கி, டீ வடிகட்டியில வடிச்சு, சின்னக் குழாய்ல விளிம்பு மேல மேடு கட்டி நிக்குற வரை ஊத்தி, மேல கவர்ஸ்லிப்புங்குற மெல்லிசான சின்னக் கண்ணாடியை வைக்கணும். பத்து இருபது நிமிசத்துல முட்டையெல்லாம் மிதந்து கண்ணாடில ஒட்டிக்கும். டாக்சோகாரா முட்டை கருப்பும் பழுப்புமா உருண்டையா இருக்கும், ஓட்டுல அம்மைத் தழும்பு போட்டிருக்கும். கொக்கிப்புழு முட்டை ஓடு மெல்லிசு, உள்ள செல் நாலாவோ எட்டாவோ பிரிஞ்சு நிக்கிறது அப்படியே தெரியும். ஒரு தடவை பார்த்தா மறக்காது. கால்நடை மருந்தகத்துல கேட்டீங்கன்னா உங்களையே பார்க்க விடுவாங்க.

சிறுமலை அடிவாரம்

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. தார்ப்பாய் போட்டாச்சு. முத்துவைக் கொண்டு போய்க் காட்டினேன், பைரான்டெல் சிரப் குடுத்தாங்க, ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. ஈறு சிவப்பாத்தான் இருக்குன்னாங்க.

அங்க உக்காந்திருந்தப்ப ரெண்டு விசயம் தோணுச்சு. வீட்டுல இன்னொரு நாய் உண்டு, மணி, ஆறு வயசு, தோட்டக் காவலுக்கு. நல்ல திடமா இருக்கான், இதுவரைக்கும் பூச்சி மருந்தே குடுத்ததில்ல. ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கடையில குடல், நுரையீரல், வெட்டிப்போட்ட ஈரல் துண்டு எல்லாம் சும்மாவே குடுப்பாங்க, அதுதான் அவனுக்குச் சாப்பாடு. அவனுக்கும் குடுக்கணுமா?

ரெண்டாவது, பூனை வாலுக்கு அடியில வெள்ளையா அரிசி அளவுல எதோ ஒட்டியிருக்கு. அம்மா கட்டில் விரிப்புலயும் காஞ்சு கிடந்துச்சு. அம்மா அதைக் கடுகுத் தோல்னு நினைச்சு உதறி விட்டுட்டாங்க.

மாட்டாஸ்பத்திரி அக்கா

தம்பி, முத்துவைவிட எனக்கு இப்ப மணி மேலதான் கவலை. பையனைப் பத்திக் கேட்டதுக்குப் பக்கம் பக்கமா எழுதினேன். இதை நீங்க போற போக்குல கேட்டிருக்கீங்க.

ஆட்டுக்கடையில ஈரல் துண்டை ஏன் சும்மா குடுத்தாங்கன்னு யோசிச்சீங்களா? நான் ஆடு வெட்டுற இடத்துக்கு ஆய்வுக்குப் போயிருக்கேன். ஈரல்லயும் நுரையீரல்லயும் தண்ணி நிறைஞ்ச கட்டி இருக்கும், வெள்ளைத் தோல் மூடி, எலுமிச்சம்பழ அளவுக்குக்கூட. கடைக்காரர் அந்தப் பகுதியை மட்டும் அறுத்து வெளிய எறிவார், வாசல்ல நாய் காத்துக்கிட்டு நிக்கும். அந்தக் கட்டிக்குள்ள இருக்குறது எக்கினோகாக்கஸ்ங்குற நாடாப்புழுவோட இளம் தலைகள், ஆயிரக்கணக்குல. நாய் தின்னா குடல்ல ஒவ்வொண்ணும் ஒரு புழுவாகும். புழு சின்னது, அரை சென்டிமீட்டர் வந்தாலே பெருசு. மலத்துல உங்க கண்ணுக்குத் தெரியாது, நாய்க்கும் ஒரு தொந்தரவும் இருக்காது. மணி திடமாத்தான் இருப்பான்.

மேல உருண்டைப்புழுவுக்கு ரெண்டு வாரம், டாக்சோபிளாஸ்மாவுக்கு ஒரு நாள்னு கணக்கு சொன்னேனே, அது இங்க செல்லாது. இந்த முட்டை நாயை விட்டு வெளிய வரும்போதே தொத்துற பக்குவத்துல வரும். மலத்துல மட்டுமில்ல, பின்பக்க முடியிலயும் ஒட்டியிருக்கும், நாய் நக்கினா வாயைச் சுத்தியும் வரும். தடவிக் குடுத்த கையோட சாப்பிட்டா போதும். மனுசன் வயித்துக்குள்ள போனா ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி நமக்கு வரும், பெரும்பாலும் ஈரல்ல, அடுத்து நுரையீரல்ல. மெதுவா வளரும். பல வருசம் ஒண்ணும் தெரியாது. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தெரிய வந்தவங்க உண்டு. கட்டி உடைஞ்சு தண்ணி உள்ள சிந்தினா ஒவ்வாமை அதிர்ச்சி வந்து உயிருக்கே ஆபத்து. அதனால ஆபரேசனா, ஊசி வழியா உறிஞ்சுறதா, மாத்திரையா, சும்மா கவனிக்கிறதான்னு கட்டியோட நிலையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க.

இங்க எல்லாரும் தலைகீழாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. கட்டி இருந்த ஆட்டோட கறியைச் சாப்பிட்டா நமக்கு வந்துருமோன்னு கறியை நிறுத்துவாங்க, அந்தக் கட்டியை நாய்க்குப் போடுவாங்க. ஆட்டுக் கட்டியிலருந்து நேரா நமக்கு வராது. நடுவுல நாய் வேணும். ஆட்டுக்கும் வர்றது மேய்ச்சல் தரையில நாய் கழிச்சதைத் தின்னுதான். நாய், ஆடு, நாய்னு சுத்துற வட்டத்துக்குள்ள நாம தெரியாம விழறோம்.

இதைத் தடுத்துக் காட்டுன நாடுகள் இருக்கு. நியூசிலாந்துல ஆட்டுக் கூட்டத்தைச் சொல்லவே வேணாம். நாய்க்குப் பச்சை உள்ளுறுப்பு போடக் கூடாதுன்னு சட்டம் போட்டு, நாய்களுக்கு விடாம மருந்து குடுத்து, 2002ல அந்த நோய் இல்லாத நாடுன்னு தற்காலிகமா அறிவிச்சாங்க. நம்ம ஊர்ல வெட்டுக்கூடத்து வாசல்ல நாய் நிக்காம இருந்தாலே நான் சந்தோசப்படுவேன்.

மணிக்கு இனிமே பச்சையா எதுவும் வேணாம். குடலோ நுரையீரலோ கிடைச்சா அரை மணி நேரத்துக்கு மேல நல்லாக் கொதிக்க வேகவச்சுப் போடுங்க. கட்டி தெரிஞ்சா அதை ஆழமாப் புதைச்சிருங்க. மருந்துல பிரசிகுவான்டெல் இருக்கான்னு பெயரைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க. முத்துவுக்குக் குடுத்த பைரான்டெல் நாடாப்புழுவை அசைக்காது. பிரசிகுவான்டெல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால குடுத்த பிறகு சில நாளைக்கு மணியைக் கட்டிப்போட்டு, கழிவைக் கையுறை போட்டு அள்ளி ஆழமாப் புதைங்க. பச்சை உறுப்பு சாப்பிடுற நாயா இருந்தா ஆறு வாரத்துக்கு ஒரு தடவை குடுக்கச் சொல்லுவோம். நிறுத்திட்டீங்கன்னா மத்த புழு மருந்தோட சேர்த்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை.

வீட்டுல எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கணுமான்னு கேப்பீங்க. வயித்து வலது பக்கம் கனமாவோ வலியோ, விடாத இருமலோ இருந்தா டாக்டர்கிட்ட இந்த நாய்க் கதையையும் சொல்லுங்க, அவர் முடிவு பண்ணுவார்.

பூனை விசயம் லேசு. அரிசி அளவுல ஒட்டியிருக்குறது டிப்பிலிடியம்ங்குற வேற நாடாப்புழுவோட உடம்புத் துண்டு. தெள்ளுப்பூச்சிக்குள்ள வளரும். பூனை உடம்பைக் கடிச்சுச் சுத்தம் பண்றப்ப தெள்ளை முழுங்கும், அப்படியே வந்துரும். அம்மாவுக்கோ பையனுக்கோ வரணும்னா அவங்களும் தெள்ளை முழுங்கணும். சின்னப் பிள்ளைங்களுக்கு அபூர்வமா வரும், வந்தாலும் மருந்துல போயிரும். பூனைக்கும் பிரசிகுவான்டெல்தான். தெள்ளை ஒழிக்கலன்னா மறு மாசம் திரும்ப வரும். விரிப்பை வெந்நீர்ல அலசி வெயில்ல போடுங்க.

பாம்பன் மணல்

அக்கா, இது நம்ம பேச்சோட சேருமான்னு தெரியல. எங்க சித்தப்பா கரையில மணல்ல உக்காந்து வலை பின்னுறவர். தொடையில செவப்பா ஒரு கோடு வந்துச்சு, பென்சில்ல கிறுக்குன கணக்கா வளைஞ்சு வளைஞ்சு. ராத்திரி தூங்க விடாத அரிப்பு. மருந்துக்கடையில படர்தாமரைன்னு களிம்பு குடுத்தாங்க. கேக்கல. பேனாவுல கோட்டோட நுனியைக் குறிச்சு வச்சேன், மறுநாள் குறியைத் தாண்டி விரக்கடை தூரம் போயிருந்துச்சு! தோல் டாக்டர் பார்த்ததும் நாய்ப் புழுன்னார். நாங்க நம்பவே இல்ல.

மாட்டாஸ்பத்திரி அக்கா

நல்லாவே சேரும். பேனாவால குறிச்சு வச்சது ரொம்பச் சரி, படர்தாமரை ஒரே நாள்ல அப்படி நகராது. அது நாய், பூனை கொக்கிப்புழுவோட குஞ்சு. இதுக்கு வாய் வழியாப் போகணும்னு இல்ல, ஈர மணல்ல படுற தோலைத் துளைச்சே ஏறும். முட்டை மண்ணுல விழுந்து ஒரு வாரத்துக்குள்ளேயே அந்தப் பக்குவத்துக்கு வந்துரும். நம்ம தோலோட அடிப்பகுதியைத் தாண்டத் தெரியாம மேலேயே சுத்திச் சுத்தி, சில வாரத்துல செத்துரும். ஐவர்மெக்டினோ ஆல்பெண்டசோலோ குடுத்தா சீக்கிரம் அடங்கும். சித்தப்பாவை ஒரு பலகையோ தடிச்ச தார்ப்பாயோ போட்டு உக்காரச் சொல்லுங்க.

இதுல ஒரு வகை மட்டும் மனுசக் குடலுக்கே போய்ப் பெரிய புழுவாகி ரத்தம் குடிக்கும். ஆன்கைலோஸ்டோமா சிலானிகம். பேரைக் கேட்டாலே ஊர் தெரியும். 1911ல ஆர்தர் லூஸ்ங்குறவர் இலங்கையில ஒரு புனுகுப்பூனை குடல்லருந்து எடுத்து விவரிச்சார். தெற்காசியா, தென்கிழக்காசியா பூரா நாய் பூனைகள்ல இருக்கு. மனுசக் கொக்கிப்புழு முட்டைக்கும் இதுக்கும் நுண்ணோக்கில வித்தியாசம் சொல்றது கஷ்டம். நாய் இருக்குற வீட்டுல யாருக்காவது காரணம் தெரியாத ரத்தசோகைன்னா, மேல லேப் தம்பி "மலம் டெஸ்ட் வீண்"னு சொன்னது இதுக்குப் பொருந்தாது, எடுத்துப் பாருங்க.

சிறுமலை அடிவாரம்

அக்கா, பிரசிகுவான்டெல் வாங்கிட்டேன். மணி மாத்திரையைச் சோத்துக்குள்ள வச்சா சோத்தை மட்டும் தின்னுட்டு மாத்திரையைத் தள்ளிடுறான். தெள்ளுக்குக் கழுத்துல ஊத்துற மருந்து ஒண்ணு, நாய்க்குள்ளது, கடையில இருந்துச்சு. பெர்மெத்ரின்னு போட்டிருக்கு. அதையே பூனைக்கும் பாதி ஊத்தலாமா?

மாட்டாஸ்பத்திரி அக்கா

ஊத்தாதீங்க! பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நடுக்கம், வலிப்பு வந்து செத்துரும், பாதி கால்னு அளவெல்லாம் கிடையாது. மணிக்கு ஊத்தினாலும் காயுற வரைக்கும் பூனையை அவன் பக்கத்துல படுக்க விடாதீங்க. பூனைக்குன்னே தனி மருந்து இருக்கு, எடையைச் சொல்லிக் கேளுங்க.

மாத்திரை கசக்கும், அதனாலதான் துப்புறான். வேகவச்ச ஈரல்ல மூணு உருண்டை பிடிங்க. மொதல் உருண்டை வெறுசு, ரெண்டாவதுல மாத்திரை, மூணாவதை மூக்குக்கு முன்னாடி காட்டிக்கிட்டே ரெண்டாவதைக் குடுங்க. அடுத்தது கைய விட்டுப் போயிருமோன்னு மெல்லாம முழுங்கிருவான்.